கவுண்டிக் கோடும் பேரிடர்ப் பணமும்

அமெரிக்காவில் எந்த உழவர் அரசிடமிருந்து எவ்வளவு உதவித்தொகை பெற்றார் என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் வேளாண் துறைக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், பணம் பெறுபவரின் தனியுரிமையைவிடப் பொதுமக்களின் அறியும் உரிமையே மேலானது என்று 1996-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின், என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு 1995 முதலான கணக்குகளை அரசிடம் கேட்டுப் பெற்று, மாநிலம், கவுண்டி, பெயர் என்று தேடிப் பார்க்கும் வகையில் இணையத்தில் வைத்தது. கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழுள்ள ஆட்சிப் பிரிவு. இந்தப் பட்டியல்களைப் புரட்டுகிறவர்கள் பொதுவாக முதல் பெயரைத்தான் பார்க்கிறார்கள். பணக்காரப் பண்ணைக்கு இவ்வளவா என்று வியந்துவிட்டு மூடிவிடுகிறார்கள். என் கண் போவது ஆண்டுகளின் வரிசைக்கு.

ஊரகக் கவுண்டி ஒன்றின் கணக்கில் பேரிடர் உதவி என்ற தலைப்பைத் திறந்தால், பல ஆண்டுகளுக்கு அற்பத் தொகைகளும், திடீரென்று ஓராண்டில் அவற்றைப்போலப் பல மடங்கும் தென்படும். தொகை உயர்ந்த அந்த ஆண்டில்தான் புயலோ வறட்சியோ அங்கே அடித்திருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். பல கவுண்டிகளில் அப்படி இருப்பதில்லை. பயிர் அழிந்தது ஓராண்டு, சட்டம் நிறைவேறியது அடுத்த ஆண்டு, பணம் வந்தது அதற்கும் அடுத்த ஆண்டு என்று கணக்கு தள்ளிப்போயிருக்கும். உதவி தேவைப்பட்டவருக்குப் போனதா என்ற கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். தேவைப்பட்டபோது போனதா என்ற கேள்வி அதைவிடக் கடினமானது என்பது என் எண்ணம். அந்தக் கேள்விக்குள் நுழைந்தால் இந்த ஏற்பாட்டின் உள்ளமைப்பே வெளிப்பட்டுவிடுகிறது.

முதலில் இந்தப் பணம் எந்த வாசல் வழியாக வருகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நாட்டில் 3,100-க்கும் மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன. வேளாண் துறையின் கீழ் இயங்கும் ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி அவற்றில் 2,000-க்கும் மேற்பட்ட அலுவலகங்களை வைத்திருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் உழவர்களே தங்களுக்குள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று உண்டு. உறுப்பினர்கள் மூன்று முதல் பதினொரு பேர், பதவிக்காலம் மூன்றாண்டு. 1930-களின் பெருமந்தக் காலத்தில், வாஷிங்டனிலிருந்து வரும் பணத்தை உள்ளூர் நிலவரம் அறிந்தவர்களே பிரித்தளிக்கட்டும் என்ற எண்ணத்தில் உருவான ஏற்பாடு இது. உள்ளூர் அறிவு எவ்வளவு வலிமையோ அவ்வளவு ஆபத்தும் கூட. தென் மாநிலங்களில் இந்தக் குழுக்கள் நீண்ட காலம் வெள்ளையர் கையிலேயே இருந்தன. கறுப்பின உழவர்களின் கடன், உதவி விண்ணப்பங்கள் இழுத்தடிக்கப்பட்டன, குறைக்கப்பட்டன, நிராகரிக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டின் மேல் எழுந்த பிக்ஃபோர்டு வழக்கு 1999-இல்தான் சமரசத்துக்கு வந்தது.

ஒரு கவுண்டி பேரிடர்ப் பகுதியாக அறிவிக்கப்பட்டது என்ற செய்தியைப் படிக்கிறவர்கள், உடனே அங்குள்ள உழவர்களின் கைக்குப் பணம் வந்துவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். ஒரு பயிராவது கவுண்டி அளவில் 30 விழுக்காடு விளைச்சலை இழந்திருந்தாலோ, வளர்பருவத்தில் கடும் வறட்சி தொடர்ந்து எட்டு வாரம் நீடித்திருந்தாலோ வேளாண் அமைச்சர் இந்த அறிவிப்பை வெளியிடலாம். எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்துக் கவுண்டிகளும் அதில் சேர்ந்துவிடும். ஆனால் அதனால் முதன்மையாகக் கிடைப்பது அவசரக் கடன் பெறும் தகுதி. வேறிடத்தில் கடன் கிடைக்காதவர் மட்டுமே அதை வாங்க முடியும். அதையும் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். ஏற்கெனவே கடனில் இருக்கும் உழவருக்கு இன்னொரு கடனை நிவாரணம் என்ற பெயரில் தருவது, தலைப்புச் செய்திக்கு உதவுமே தவிர வயலுக்கு அவ்வளவாக உதவாது.

திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணம் வேறு திட்டங்களிலிருந்து வருகிறது. அவற்றில் நான் மிகவும் ஆர்வத்தோடு கவனிப்பது, மேய்ச்சல் நிலம் காய்ந்துபோன மாடு வளர்ப்போருக்கான தீவன இழப்புத் திட்டம். 2008-இன் வேளாண் சட்டத்தில் பிறந்து, 2014-இன் சட்டத்தால் நிலைபெற்ற திட்டம் இது. ஒருவருடைய மேய்ச்சல் நிலத்தில் புல் எவ்வளவு கருகியது என்று யாரும் போய் அளப்பதில்லை. 1999 முதல் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வெளிவரும் டிராட் மானிட்டர் என்ற வறட்சி வரைபடம்தான் அளவுகோல். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் வறட்சி மையமும், கடல், வளிமண்டல ஆய்வுக்கான தேசிய நிறுவனமும், வேளாண் துறையும் சேர்ந்து அதைத் தயாரிக்கின்றன. மழைக் கணக்கு, மண் ஈரம், ஆற்று நீர், செயற்கைக்கோள் படங்கள் ஆகியவற்றோடு நாடெங்குமுள்ள பார்வையாளர்களின் குறிப்புகளையும் பார்த்து, முறைவைத்து ஒவ்வொரு வாரமும் ஒரு வல்லுநர் அந்தக் கோடுகளை வரைகிறார். வறட்சி நான்கு படிகளாகக் குறிக்கப்படுகிறது. இரண்டாம் படி தொடர்ந்து எட்டு வாரம் நீடித்தால் ஒரு மாதத் தீவனச் செலவின் அடிப்படையில் ஒரு தொகை. மூன்றாம் படியைத் தொட்டாலே மூன்று மாதம். நான்காம் படி நான்கு வாரம் இருந்தால் ஐந்து மாதம் என்று பல ஆண்டுகளாக அது நடந்துவந்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் முதல் வரம்பை நான்கு வாரமாகக் குறைத்தது. மாதத் தொகை என்பது கணக்கிடப்பட்ட தீவனச் செலவில் 60 விழுக்காடு. ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் உச்சவரம்பு.

கவுண்டிக் கோடு இங்கேதான் தன் வேலையைக் காட்டுகிறது. கவுண்டியின் ஏதேனும் ஒரு பகுதியில் அந்தப் படி எட்டப்பட்டால் போதும். அந்தக் கவுண்டி முழுவதும் தகுதி பெற்றுவிடும். கேட்பதற்கு எளிமையான விதி. ஆனால் கவுண்டிகள் ஒரே அளவில் வெட்டப்பட்டவை அல்ல. ஜார்ஜியா மாநிலம் 159 கவுண்டிகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒன்றின் குறுக்கே காரில் போக அதிக நேரம் ஆகாது. கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ கவுண்டியோ 20,000 சதுர மைலுக்கும் மேல். நெவாடாவின் எல்கோ கவுண்டி ஏறத்தாழ 17,000 சதுர மைல். மேற்கே, ஒரு மூலையில் விழுந்த வறட்சிக் கறை நூறு மைலுக்கு அப்பால் மழை பெய்து புல் செழித்திருக்கும் பண்ணையையும் சேர்த்துக்கொள்ளும். தென்கிழக்கே, சாலையின் இந்தப் பக்கம் உள்ளவர் பணம் பெறுவார். அந்தப் பக்கம் உள்ளவரின் கவுண்டியை அந்த வாரத்து வண்ணம் ஒரு விரற்கடை தொடாமல் போயிருந்தால், அவருடைய புல்லும் அதே அளவு காய்ந்திருந்தும், வெறுங்கையோடு இருப்பார். வானிலையை விளக்குவதற்காக வரையத் தொடங்கிய கோட்டின் மேல் இப்போது கோடிக்கணக்கான டாலர் தொங்குகிறது. இதனால் வியாழக்கிழமை வரைபடத்தைப் பற்றி மாடு வளர்ப்போர் வானிலையாளருக்கு எழுதும் கடிதங்களில் அறிவியலோடு வேறொன்றும் கலந்திருந்தால் வியப்பில்லை.

இந்த முரட்டுத்தனம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு இந்தத் திட்டத்துக்கு முந்தைய காலத்தில் நடந்த ஒரு கதை உண்டு. 2002-இன் வறட்சியை ஒட்டி, மாடு ஒன்றுக்கு இத்தனை டாலர் என்று தலைக்கணக்கில் பணம் தரும் இழப்பீட்டுத் திட்டம் ஒன்று வந்தது. 2003-இன் தொடக்கத்தில் நாடாளுமன்றம் அதை விரித்தது: வறட்சிதான் என்றில்லை, குறித்த காலத்துக்குள் எந்தக் காரணத்துக்காகவேனும் பேரிடர்ப் பகுதியாக அறிவிக்கப்பட்ட கவுண்டியாக இருந்தால் போதும், இழப்பை நிரூபிக்கவும் தேவையில்லை என்று ஆயிற்று. அந்த ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி கொலம்பியா விண்வெளி ஓடம் சிதறி, அதன் துண்டுகள் கிழக்கு டெக்சஸ் முழுவதும் விழுந்தன. சிதறல்களைத் தேடி அகற்றும் செலவுக்காகக் குடியரசுத் தலைவர் அங்கே பேரிடர் அறிவித்திருந்தார். அந்த அறிவிப்பின் பேரில் அப்பகுதி மாட்டுப் பண்ணைகளும் இழப்பீட்டுக்குத் தகுதி பெற்றுவிட்டன. 2006-இல் வாஷிங்டன் போஸ்ட் இதை வெளிக்கொணர்ந்தபோது, கேட்காத பணம் வந்ததைப் பற்றி உழவர்கள் சிலரே சங்கடப்பட்டார்கள். திட்டத்தின் மொத்தச் செலவு 100 கோடி டாலரைத் தாண்டியது.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, ஆகவே பேரிடர் உதவி முழுவதும் ஊதாரித்தனம் என்று முடிப்பவர்களை நிறையப் பார்க்கலாம். அவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. அதற்குக் காரணம் தெற்கு டகோட்டாவில் 2013-இல் நடந்தது.

அந்த ஆண்டு அக்டோபர் 3 முதல் 5 வரை, மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சல் நிலங்களில் இருந்தபோது, குளிர்காலத்து மயிர் வளர்ந்திராத நிலையில், முதலில் மழையும் பிறகு அடர்ந்த பனியும் பெருங்காற்றும் மாநிலத்தின் மேற்குப் பகுதியைத் தாக்கின. நனைந்த உடலோடு காற்று தள்ளிய திசையில் நடந்த மாடுகள் வேலி ஓரங்களிலும் ஓடைகளிலும் குவிந்து, பல்லாயிரக்கணக்கில் மாண்டன. இறந்த கால்நடைக்குச் சந்தை விலையில் 75 விழுக்காடு தரும் திட்டம் ஒன்று 2008-இன் சட்டத்தில் இருந்தது. ஆனால் அது 2011 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு காலாவதியாகியிருந்தது. அதற்குமேல், வரவு செலவுச் சச்சரவில் கூட்டரசு அலுவலகங்களே அந்த நாள்களில் மூடிக்கிடந்தன. செத்த மாடுகளைப் பதிவு செய்யக் கதவைத் தட்டினால் திறக்க ஆள் இல்லை. பண்ணையாளர்கள் ஒளிப்படம் எடுத்து வைத்தார்கள், கால்நடை மருத்துவரை அழைத்துச் சான்று வாங்கினார்கள், அக்கம்பக்கத்தாரைச் சாட்சியாக வைத்துக்கொண்டார்கள். எந்தத் திட்டத்துக்காக அதைச் செய்கிறோம் என்று தெரியாமலேயே செய்தார்கள். 2014 பிப்ரவரியில் வந்த வேளாண் சட்டம் 2011 அக்டோபர் 1-ஆம் தேதி வரை பின்னோக்கிப் போய் இழப்புகளை ஏற்றுக்கொண்டது. ஏப்ரலில் விண்ணப்பம் வாங்கத் தொடங்கினார்கள்.

அதே இடைவெளியில்தான் 2012-இன் பெருவறட்சியும் விழுந்தது. 2,000-க்கும் மேற்பட்ட கவுண்டிகள் பேரிடர்ப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட அந்தக் கோடையில், மேய்ச்சல் இழப்புத் திட்டம் உயிரோடு இல்லை. புல் இல்லாமல், உலர்தீவனத்தின் விலை ஏறிக்கொண்டே போக, தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்த்த மந்தையை விற்றுவிட்டவர்கள் பலர். 2014-இல் பணம் வந்தபோது அதைக் கொண்டு அதே மந்தையை மீட்டிருக்க முடியாது. நாடு முழுவதும் மந்தைகள் குறைந்துபோனதால் மாட்டு விலை அப்போது உச்சத்தில் இருந்தது. பட்டியலில் 2014-ஆம் ஆண்டுக்கு எதிரே நிற்கும் பெரிய எண்ணைப் பார்த்து, அந்த ஆண்டு இவர்களுக்கு என்ன குறை, மாடு நல்ல விலை போனதே என்று கேட்பவர் பாதி உண்மையைத்தான் கேட்கிறார்.

பயிர்களின் நிலை கொஞ்சம் வேறு. அங்கே முதல் பாதுகாப்பு பயிர்க் காப்பீடு. 1938-இலேயே தொடங்கப்பட்டு, பல முறை திருத்தப்பட்டு, இன்று தனியார் நிறுவனங்கள் விற்க, அரசு பிரீமியத்தில் சராசரியாக அறுபது விழுக்காட்டுக்கும் சற்று மேல் ஏற்கும் ஏற்பாடாக அது வளர்ந்திருக்கிறது. காப்பீடு கிடைக்காத காய்கறி, பழம் போன்றவற்றுக்குத் தனித் திட்டம் உண்டு. பயிருக்கு 325 டாலர் கட்டணம் செலுத்தினால், விளைச்சலில் பாதிக்கு மேல் போன இழப்புக்கு, சந்தை விலையில் 55 விழுக்காட்டில் ஈடு கிடைக்கும். காப்பீடு இவ்வளவு பரவலாக இருந்தால் தனிப் பேரிடர் உதவி தேவைப்படாது என்று ஒவ்வொரு சீர்திருத்தத்தின்போதும் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. ஆனாலும் பெரிய புயலோ வெள்ளமோ வந்தால் அடுத்து ஒரு சிறப்புச் சட்டம் வருவது மட்டும் நிற்கவில்லை. 2017 முதல் ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டின் பேரிடருக்கும் தனி ஒதுக்கீடு வந்திருக்கிறது. அப்படி உதவி பெறுகிறவர் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குக் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துவிடுகிறார்கள். முன்பே காப்பீடு எடுத்து ஆண்டுதோறும் பிரீமியம் கட்டியவர் இதைப் படிக்கும்போது என்ன நினைப்பார் என்று கேட்டால், அவர்கள் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சிறப்புச் சட்டத்தின் தாமதத்துக்கு மைக்கேல் புயலைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 2018 அக்டோபர் 10 அன்று ஃபுளோரிடாவின் மெக்சிகோ பீச் அருகே கரையேறிய அந்த ஐந்தாம் வகைப் புயல், வலு முழுவதும் குன்றாமலே தென்மேற்கு ஜார்ஜியாவுக்குள் புகுந்தது. பருத்தி வெடித்து அறுவடைக்கு நின்ற நேரம். பீக்கன் கொட்டைகள் முற்றிய நேரம். பருத்தியாவது ஒரு பருவத்து இழப்பு. பீக்கன் மரம் வேரோடு சாய்ந்தால், புதிதாக நட்ட கன்று நல்ல காய்ப்புக்கு வர பத்தாண்டாகும். உதவி மசோதா வாஷிங்டனில் பல மாதம் சிக்கிக்கொண்டது. அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட தீவான போர்ட்டோ ரிக்கோவுக்கு எவ்வளவு தருவது என்ற சண்டையே அதற்குப் பெரிய காரணம். 2019 ஜூன் 6-இல்தான் அது கையெழுத்தாகியது. உழவர்களிடம் விண்ணப்பம் பெறத் தொடங்கியது செப்டம்பர் 11-இல். இடையில் ஒரு விதைப்புப் பருவம் கடந்துவிட்டது.

விதைப்புப் பருவம் என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் வங்கிகள். அமெரிக்க ஊரகக் கவுண்டியில் உழவர் ஒவ்வோர் இளவேனிலிலும் விதை, உரம், எரிபொருளுக்காக நடைமுறைக் கடன் வாங்கி, அறுவடைக்குப் பின் அடைப்பது வழக்கம். பழைய கடன் அடைபடாவிட்டால் புதிய கடன் கேள்விக்குறி. பேரிடர் உதவி வரும் என்ற அமைச்சரின் அறிக்கையை வங்கி மேலாளர் அடமானமாக ஏற்க மாட்டார். கடன்காரரின் பெயருக்கே உதவிப் பணத்தை எழுதிக்கொடுக்கும் படிவமும் இருக்கிறது. ஆகவே பட்டியலில் உழவரின் பெயருக்கு எதிரே நிற்கும் தொகை அவருடைய கையில் தங்காமலே வங்கிக்கும் உரக் கடைக்கும் போய்ச் சேர்ந்திருக்கலாம். அந்தத் தொகை வருமான வரிக்கும் உட்பட்டது. பயிர் அழிந்ததற்கான பணத்தை, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அடுத்த ஆண்டின் வருமானமாகக் காட்டிக்கொள்ளலாம் என்ற சலுகை மட்டும் உண்டு.

சட்டத்துக்கு முன்யோசனை இல்லாத இழப்புகளும் உண்டு. 2019 மார்ச்சில் மிசோரி ஆறு கரைகளை உடைத்தபோது, அயோவாவின் தென்மேற்கு மூலையில் உள்ள ஃப்ரீமான்ட், மில்ஸ் கவுண்டிகளில் எஃகுக் குதிர்களில் சேமித்து வைத்திருந்த மக்காச்சோளமும் சோயாவும் நீரில் ஊறி உப்பி, குதிர்களின் பக்கங்களையே பிளந்துகொண்டு வெளியே கொட்டின. பயிர்க் காப்பீடு நிலத்தில் நிற்கும் பயிருக்கானது; அறுத்துக் குதிரில் போட்டதற்கு அதில் இடமில்லை. சீனாவோடு நடந்த வணிகப் போரால் விலை வீழ்ந்திருந்ததால் விற்காமல் வைத்திருந்தவர்களே அதிகம் இழந்தார்கள். மேலே சொன்ன 2019-இன் சட்டத்தில், பண்ணையில் சேமித்த தானியத்தையும் சேர்த்துக்கொள்ள ஒரு பிரிவு எழுதப்பட்டது. சிறப்புச் சட்டத்தின் பக்கம் பேச இருக்கும் வாதங்களில் இதுவே வலுவானது: எந்தச் சூத்திரமும் எதிர்பாராத இழப்பை அதில் பின்னால் எழுதிச் சேர்க்க முடியும்.

எழுதிச் சேர்க்கும் கை, எழுதும்போது யாரைப் பார்க்கிறது என்பதும் முக்கியம். 2022-ஆம் ஆண்டின் இழப்புக்கான உதவியில், ஒதுக்கீடு தேவையைவிடக் குறைவாக இருந்ததால், வேளாண் துறை ஒரு படிமுறையை வைத்தது: கணக்கிட்ட தொகையில் முதல் 2,000 டாலருக்கு முழுதும், அடுத்த 2,000-க்கு 80 விழுக்காடும், பிறகு 60, 40, 20 என்று இறங்கி, 10,000 டாலருக்கு மேற்பட்டதற்கு 10 விழுக்காடும் மட்டும். அதன்படி 50,000 டாலர் கணக்கான ஒருவருக்கு 10,000 டாலர்தான் வரும். சிறு உழவர்களுக்கு இது நியாயமாகப் பட்டது. பருத்தியும் கோதுமையும் பெரிய பரப்பில் பயிரிடுவோர் கொதித்தார்கள். இழப்பு எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் நேர்ந்திருக்க, ஈடு மட்டும் ஏன் சிறிய பண்ணைக்குச் சாய வேண்டும் என்ற அவர்களுடைய கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இருந்தாலும், குறைந்த பணத்தை வைத்துக்கொண்டு சமவிகிதத்தில் பங்கிட்டால் அதில் பெரும்பகுதி ஒரு சிலரிடமே சேரும் என்பதால், என் மனம் படிமுறையின் பக்கமே நிற்கிறது.

எந்தப் பங்கீட்டுக்குள்ளும் வராதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உதவி பெற ஒரு பண்ணை எண் வேண்டும். பண்ணை எண்ணுக்கு நிலத்தின் மீதான உரிமையையோ குத்தகையையோ காட்டும் தாள் வேண்டும். தென் மாநிலங்களில் கறுப்பினக் குடும்பங்கள் பல, உயில் எழுதாமல் இறந்த தாத்தா, பாட்டன் பெயரிலேயே நிலத்தை வைத்துக்கொண்டு, பிரிக்கப்படாத கூட்டுச் சொத்தாகப் பயிரிட்டுவந்தன. நீதிமன்றத்தையும் வழக்கறிஞரையும் நம்ப முடியாத காலத்தின் எச்சம் அது. அவர்களுக்குப் பண்ணை எண் இல்லை. எண் இல்லாதவரின் இழப்பு கவுண்டியின் இழப்புக் கணக்கிலும் ஏறுவதில்லை. 2018-இன் வேளாண் சட்டம் மாற்று ஆவணங்களைக் கொண்டு எண் பெற வழி செய்தது. வழி திறந்தது என்பதற்காக நூறாண்டு நிராகரிப்பைக் கண்ட குடும்பம் மறுநாளே அந்த அலுவலகத்தின் படியேறிவிடாது.

தாமதத்தைச் சரிசெய்ய நிலையான திட்டம் ஒன்றே போதும் என்று சொல்பவர்கள், அதைச் செய்து பார்த்தாகிவிட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். 2008-இன் சட்டம் பயிர்களுக்கும் ஒரு நிலையான பேரிடர்த் திட்டத்தைக் கொண்டுவந்தது. பண்ணை முழுவதன் வருவாயையும் கணக்கிட்டு, காப்பீடு ஈடு செய்யாததை மிகத் துல்லியமாக அளந்து தர வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்தத் துல்லியத்துக்குப் பருவம் முழுவதற்குமான நாட்டுச் சராசரி விலை தேவைப்பட்டது. அறுவடைக்குப் பின் அடுத்த ஆகஸ்டு வரை மக்காச்சோளத்துக்கு அந்த விலை முடிவாகாது. ஆகவே 2008-இல் பயிர் இழந்தவர் 2010 ஜனவரியில்தான் விண்ணப்பமே போட முடிந்தது. அந்தத் திட்டம் 2011-இல் காலாவதியானபோது அதற்காக வருந்தியவர்கள் குறைவு.

இதற்கு நேர்மாறாக, 2020, 2021 இழப்புகளுக்கான உதவியில், வேளாண் துறை காப்பீட்டு நிறுவனங்களிடம் ஏற்கெனவே இருந்த விவரங்களையே எடுத்து, படிவங்களைத் தானே நிரப்பி, 2022 மே மாதம் உழவர்களுக்கு அஞ்சலில் அனுப்பியது. கையெழுத்திட்டுத் திருப்பினால் பணம் வந்தது. காப்பீடு எடுக்காதவர்களுக்கு அடுத்த கட்டம் வரை காத்திருப்பு நேர்ந்தது. சிலருக்குக் கூடுதலாகவும் சிலருக்குக் குறைவாகவும் போயிருக்கும். ஆனால் கவுண்டி அலுவலகத்தின் வரிசையும் மாதக்கணக்கான சரிபார்ப்பும் தவிர்க்கப்பட்டன. 2023, 2024 இழப்புகளுக்கு 2024 டிசம்பரில் வந்த சட்டத்தின் கீழ், 2025 ஜூலையில் தொடங்கிய முதல் கட்டத்திலும் இதே முறைதான். ஒதுக்கீடு போதுமா என்பது தெரியாததால், கணக்கிட்டதில் 35 விழுக்காட்டை முதலில் தந்தார்கள். முழுத் தொகையைப் பின்னால் தருவதாகச் சொல்லிக் காக்க வைப்பதைவிட, இருப்பதில் ஒரு பங்கை முன்னால் தருவது மேல். குறை என்னவென்றால், 2023 வசந்தத்தில் அழிந்த கோதுமைக்கும் அந்த 35 விழுக்காடு 2025-இல்தான் வந்தது. அந்தத் தாமதத்துக்குக் கவுண்டி அலுவலகத்தைக் குறை சொல்ல முடியாது, அது நாடாளுமன்றத்தினுடையது.

ஆகவே மேய்ச்சல் திட்டத்தின் முரட்டு விதியை, சான் பெர்னார்டினோவின் பரப்பையும் ஜார்ஜியாவின் சாலையோர அநீதியையும் அறிந்தே, நான் ஆதரிக்கிறேன். வியாழக்கிழமை வரைபடம் ஒரு படியை எட்டினால் யாரும் வாக்களிக்கத் தேவையில்லை, யாரும் யாரோடும் பேரம் பேசத் தேவையில்லை, மந்தையை விற்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்க வேண்டிய பருவத்திலேயே ஒருவர் தனக்கு எவ்வளவு வரும் என்று தானே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கவுண்டியை ஒரே துண்டாகப் பார்க்காமல், மேற்கின் பெருங்கவுண்டிகளையாவது உட்பிரித்துப் பார்க்கலாம்; அதற்கான வரைபட விவரம் இன்று கையில் இருக்கிறது. கொலம்பியா ஓடத்தின் பெயரால் மாட்டுக்குப் பணம் போனது, முரட்டு விதியால் அல்ல. இருந்த ஒரே விதியையும் நாடாளுமன்றம் அவசரத்தில் கழற்றி எறிந்ததால் போனது. பயிர்களுக்கும் இப்படி ஒரு விதியை வைத்தால், தகுதியில்லாத சிலருக்கும் பணம் போகும், அவர்களுடைய பெயர்களும் பட்டியலில் ஏறும், யாராவது ஒரு செய்தியாளர் அவற்றைக் கண்டுபிடித்து எழுதவும் செய்வார். விதைப்புக்கு முன் பணம் வந்து சேர்வதற்கு அந்த விலையைக் கொடுக்கலாம் என்பது என் கணக்கு.